முதல் பத்து நிமிடத் தண்ணீர்

"சார், தண்ணி விட்டதும் முதல் பத்து நிமிஷம் சாக்கடை நாத்தம், அப்புறம் சரியாயிடுது." குடிநீர்ப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் அதிகம் கேட்ட புகார் இதுதான். மேல்நிலைத் தொட்டியைக் கழுவவில்லை என்றுதான் மக்கள் திட்டுவார்கள். ஆனால் தொட்டி கெட்டால் தண்ணீர் வரும் நேரம் முழுக்க நாறும். பத்து நிமிடம் மட்டும் நாறினால் கோளாறு தெருவில்.

ஒரு மழைக்காலத்தில் அப்படி ஒரு தெருவுக்குப் போனோம். தொட்டியடியில் பிடித்த தண்ணீரில் குளோரோஸ்கோப் (குளோரின் இருக்கிறதா என்று நிறத்தை வைத்துப் பார்க்கும் கருவி) மருந்தை விட்டதும் நல்ல மஞ்சள் காட்டியது. கடைசி வீட்டுக் குழாயில் பிடித்து அதே மருந்தை விட்டால் நிறமே மாறவில்லை. வீட்டுக்கு வந்து சேரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும். துளிகூட இல்லையென்றால் வழியில் ஏதோ அழுக்கு அதைத் தின்றுவிட்டது. தெருவைத் தோண்டிப் பார்த்ததில் மூன்றாவது குழியில் அகப்பட்டது. ஒரு வீட்டின் பழைய இரும்புக் குழாய் பாதாள சாக்கடை மேன்ஹோலுக்குள் ஒரு சுவரில் நுழைந்து எதிர்ச்சுவரில் வெளியேறியிருந்தது. சாக்கடை போட வந்தவர்கள் குழாயைத் திருப்பிவிடாமல் அதைச் சுற்றியே செங்கல் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அடிப்பக்கம் துருவேறி, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

தண்ணீர் ஓடும்வரை ஓட்டை வழியே வெளியேதான் பீய்ச்சும். வால்வை மூடி, குழாய் வடியத் தொடங்கியதும் கதை திரும்பிவிடும்: உள்ளே அழுத்தம் இறங்கி, வெளியே நிற்பதை இழுத்துக்கொள்ளும். அடுத்த முறை தண்ணீர் விடும்போது அதுதான் முதலில் வரும். நாள் முழுக்க அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கும் குழாயில் இந்தத் தொல்லை வெகு குறைவு. நம் ஊர்களிலோ ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மணி நேரம். போதாததற்கு வீட்டு இணைப்பிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். கேட்டால், "எல்லாரும்தான் வெச்சிருக்காங்க." (எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் இருந்தது, மறைப்பானேன்.)

விதி இல்லாமல் இல்லை. குடிநீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் பக்கவாட்டில் 3 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது மத்திய அரசின் பொறியியல் கையேடு. பத்தடிச் சந்தில் அதற்கு எங்கே போவது? அதற்கும் அதிலேயே வழி உண்டு: தனிப் பள்ளம் எடுத்து, குடிநீர்க் குழாயின் அடி சாக்கடைக் குழாயின் தலைக்கு மேல் அரை மீட்டராவது உயர்ந்திருக்கும்படி போடலாம். ஆனால் இதை அளந்து பார்க்க ஒரே ஒரு நேரம்தான் இருக்கிறது, பள்ளத்தை மூடுவதற்கு முன். நான் பார்த்த வேலைகளில் எம்.புக்கில் (வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) நீளமும் ஆழமும் ஏறும். பக்கத்துக் குழாய் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது ஏறாது. குடிநீர்ப் பிரிவு ஆள் திறந்த பள்ளத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் பில் பாஸ் ஆகக்கூடாது. என்னைக் கேட்டால், புதிய சட்டத்தைவிட இந்த ஒரு கையெழுத்து அதிகம் காக்கும்.

சாக்கடை வராத பகுதிகளில் வேறு கணக்கு. செப்டிக் டேங்க் தண்ணீரை இறக்கும் உறிஞ்சு குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஏறக்குறைய அறுபதடி. முப்பதுக்கு நாற்பது என்று அரை கிரவுண்டு மனை வாங்குகிறோமே, அதில் மூலைக்கு மூலை இழுத்தாலே ஐம்பதடிதான். உங்கள் குழியைத் தள்ளி வைத்தாலும் பக்கத்து வீட்டுக் குழி உங்கள் போர்வெல் அருகே வந்து நிற்கும். கழிவிலிருந்து இப்படி நிலத்தடி நீரில் இறங்கும் நைட்ரேட் என்ற உப்பு கொதிக்க வைத்தால் போகாது. வற்ற வற்ற இன்னும் கூடும். லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைக் கைக்குழந்தைக்குப் பால் கரைக்க எடுக்காதீர்கள். மாவட்டத்தில் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம்.

சரி, அந்தத் தெருவுக்கு வருவோம். குழாயை மேன்ஹோலைச் சுற்றித் திருப்பி, புதிதாகப் பிளாஸ்டிக் குழாய் போட்டு, குளோரின் கலந்து கழுவிவிட்டோம். சாக்கடைக் கிருமி இருந்தால் கருக்கும் சோதனைப் பாட்டில் ஒன்று உண்டு; முன்பு ஒரே ராத்திரியில் கருத்துப்போன அது இந்த முறை இரண்டு நாளாகியும் கருக்கவில்லை. புகார் கொடுத்த அம்மா எங்களுக்கு மோர் கொடுத்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது கவனித்தேன்: திண்ணைக்கு அடியில், சாக்கு போட்டு மூடி, புது மோட்டார்.