யூனி என்றால் ஒன்றா?

வடசென்னையில் ‘யூனிட்’ என்ற சொல் இல்லாமல் ஒரு நாள் நகராது. மின்கட்டணக் கணக்கு யூனிட்டில். வீடு கட்டுகிறவர் இரண்டு யூனிட் மணல் இறக்கச் சொல்வார். ஸ்டான்லி மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்குச் சேர்ந்தவரின் உறவினர் ஒரு யூனிட் ரத்தத்துக்கு அலைவார். அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலையத்துக்கு வேலைக்குப் போகிறவர் வீட்டுக்கு வந்து ‘செகண்ட் யூனிட் நின்னுபோச்சு’ என்பார்.

நான்கும் வேறு வேறு. மின்சாரத்தில் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. மணலில் நூறு கன அடி. ரத்தத்தில், ஒருவர் ஒருமுறை கொடுக்கும் ஒரு பை. அனல்மின் நிலையத்திலோ கொதிகலன், சுழலி, மின்னாக்கி எல்லாம் சேர்ந்த ஒரு முழு ஏற்பாடு. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் நிலையில் தலா 210 மெகாவாட் திறனில் மூன்று யூனிட்கள் அமைக்கப்பட்டன. அவற்றில் ஒரு யூனிட் முழுத் திறனில் ஒரு மணி நேரம் ஓடினால் 2,10,000 யூனிட் மின்சாரம் தரும். தமிழ் வாசகருக்கு இந்த வாக்கியம் எப்படி விளங்கும்?

லத்தீனில் ‘ஊனுஸ்’ என்றால் ஒன்று. அதிலிருந்து வந்த முன்னொட்டுத்தான் ‘யூனி’. யூக்ளிட்டின் வடிவியல் நூல் 1570-இல் ஆங்கிலத்தில் வந்தபோது அதற்கு முன்னுரை எழுதிய ஜான் டீ, ‘யூனிட்டி’ என்று வழங்கிவந்ததை மாற்றி ‘யூனிட்’ என்று எழுதினார். எதை ஒன்று என்று வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்குகிறோமோ அதுதான் யூனிட். நம் பாடநூல்களில் இதற்கு ‘அலகு’. மின்கட்டணத்துக்கு இது நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் அங்கே அளவுதான் பேச்சு. ஆனால் நாளிதழ்கள் ‘2-வது அலகில் கொதிகலன் குழாய் பழுது’ என்று எழுதும்போது எனக்கு ஒட்டுவதில்லை. ‘2-வது மின்னாக்கத் தொகுதி’ என்றால் படித்தவுடன் புரியும். ரத்தத்துக்கு ‘பை’ போதும். மணலுக்கு யூனிட்டையே விட்டுவிடலாம். மேஸ்திரிக்கும் லாரிக்காரருக்கும் அதுதான் கணக்கு, அதில் கை வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

அப்புறம் யூனிஃபார்ம். பள்ளி திறக்கும் சமயத்தில் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் அதிகம் காதில் விழும் சொல் இதுவாகத்தான் இருக்கும். ஊனுஸோடு வடிவம் என்று பொருள்படும் ‘ஃபார்மா’ சேர்ந்து ‘ஒரே வடிவம்’. இதை ‘ஒருவடிவுடை’ என்று பெயர்க்காமல் ‘சீருடை’ என்றார்களே, அருமையான சொல். சீர் என்றால் ஒழுங்கு, சமம், அழகு எல்லாம்தான். இயற்பியல் பாடத்திலும் ‘சீரான வேகம்’ என்றே படிக்கிறோம். ஆனால் சட்டத்துக்கு வரும்போது அதே சொல் ‘பொது சிவில் சட்டம்’ ஆகிவிடுகிறது. அதுவும் சரிதான். உடையில் ஒன்றுபோல் இருப்பதும், சட்டத்தில் எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதும் வேறு வேறு ஒன்றுகள்.

யூனியனுக்கு வடசென்னையில் தனி வரலாறே உண்டு. பெரம்பூர் பக்கிங்காம் கர்னாடிக் மில் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். தலைவர் பி.பி. வாடியா, திரு.வி.க.வும் முன்னின்றார். பெயர்ப்பலகையில் சங்கம் என்று இருந்தாலும் தொழிலாளர் வாயில் அது யூனியன்தான். ஊராட்சிக்கு வந்தால் ‘ஒன்றியம்’. இந்தச் சொல்லை நான் மிகவும் மதிக்கிறேன். ‘மனம் ஒன்றிப் படி’ என்கிறோமே, அந்த ஒன்றுதலிலிருந்து பிறந்தது. ‘ஒன்று’ என்ற எண்ணும் ‘ஒன்றுதல்’ என்ற வினையும் ஒரே வேரில் நிற்பதால் யூனியனின் உட்பொருள் சிந்தாமல் வந்துவிட்டது. அரசியல் சட்டத்தின் முதல் பிரிவு இந்தியாவை மாநிலங்களின் யூனியன் என்கிறது. ‘ஒன்றிய அரசு’ என்பதற்கு ஆதாரம் அங்கேயே இருக்கிறது.

யூனிவர்சிட்டியில்தான் பெரிய வேடிக்கை. ஆங்கிலச் சொல்லின் தலையில் ஒன்று, தமிழ்ச் சொல்லின் தலையில் பல. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கியது. ஒரு காலத்தில் ‘சர்வகலாசாலை’ என்றார்கள், பிறகு பல்கலைக்கழகம் நிலைத்தது. மொழிபெயர்ப்பு தவறிவிட்டதா? இல்லை. ‘யூனிவர்சிட்டாஸ்’ என்பது இடைக்கால ஐரோப்பாவில் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு, கிட்டத்தட்ட ஒரு சங்கம். அந்தக் கூடுகையைக் ‘கழகம்’ அப்படியே சொல்லிவிடுகிறது. முன்னால் நிற்கும் ‘பல்கலை’ நாம் கூட்டிய விளக்கம், அதுவும் பொருத்தமான விளக்கம்.

தண்டையார்பேட்டை வரை வந்துவிட்ட ‘யூனிசெக்ஸ் சலூன்’ இதற்கு நேர்த் தம்பி. ஆங்கிலம் ஒன்று என்று எண்ணுவதை நாம் இரண்டு என்று எண்ணி ‘இருபாலர்’ என்கிறோம். இருபாலர் பள்ளி இருக்கும்போது இருபாலர் முடிதிருத்தகம் ஏன் கூடாது? தாராளமாக எழுதலாம்.

சொல்லுக்குச் சொல் ஒத்துப்போவதும் உண்டு. ‘யுனானிமஸ்’ என்பதில் ஊனுஸ், அதோடு மனத்தைக் குறிக்கும் ‘அனிமுஸ்’. தமிழில் ‘ஒருமனதாக’. யூனிகார்ன் ‘ஒற்றைக்கொம்பன்’.

‘மோனோ’வும் ஒன்றுதானே என்பார்கள். அது கிரேக்கம், அதன் ‘மோனோஸ்’ தனியாக இருப்பதைச் சொல்வது. அதனால்தான் மோனோலாக் ‘தனிமொழி’ ஆகிறது. ‘ஒருமொழி’ என்றால் பொருள் கெட்டுவிடும். மோனோபொலியில் ‘மோனோஸ்’ உடன் விற்பது என்ற சொல் சேர்கிறது, தனி ஆளாக விற்பது. நாம் பழகிய ‘ஏகபோக’த்தில் விற்பவரைக் காணோம், தனியாக அனுபவிப்பவர்தான் இருக்கிறார். ‘தனியுரிமை’ என்று மாற்றலாம் என்றால், அது இப்போது அந்தரங்க உரிமைக்குப் போய்விட்டது. பொருளாதாரப் பாடநூலில் வரும் ‘முற்றுரிமை’ தெளிவானது. பேச்சுக்கும் அதைக் கொண்டுவர வேண்டும்.

கடைசியாக, ஒலியைக் கேட்டு ஏமாற வேண்டாம். மான்சூனில் மோனோ இல்லை. பருவத்தைக் குறிக்கும் ‘மவ்சிம்’ என்ற அரபிச் சொல் போர்த்துகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. ‘பருவமழை’ என்ற நம் சொல்லும் அதையே சொல்கிறது. அதேபோல மண்ணடிப் பக்கம் கேள்விப்படும் யுனானி மருத்துவத்திலும் ‘யூனி’ கிடையாது. அரபியில் யூனான் என்றால் கிரேக்க நாடு. கடல் கடந்து வந்த கிரேக்க, ரோமானிய வணிகரை நம் பழைய பாட்டுகள் ‘யவனர்’ என்றதும் அதே வேரிலிருந்துதான்.