பேஜார் யாருக்கு, யாரால்?

அண்ணன் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். 'எங்கள் தெரு' என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அதில், "மழை பெய்தால் எங்கள் தெருவில் தண்ணீர் நின்று ஒரே பேஜாராகிவிடும்" என்று எழுதியிருந்தாள். பேஜாரைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். பக்கத்தில், 'நல்ல தமிழில் எழுதுக.' நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டாள். "சித்தப்பா, பேஜாருக்கு நல்ல தமிழ்ல இன்னா?"

'தொல்லை' என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். வாயெடுத்த நேரத்தில் உள்ளறையில் அத்தை போனில் பேசியது காதில் விழுந்தது: "ரெண்டு நாளா ஒரே பேஜாரா கீதும்மா, சோறு துன்னக்கூட மனசு வர்ல." அந்த இடத்தில் தொல்லையைப் போட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை. அத்தைக்கு யாரும் எந்தத் தொல்லையும் தரவில்லை. மகன் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருக்கிறான், வீடு வெறிச்சென்று கிடக்கிறது, அவ்வளவுதான். சரி, இந்தச் சொல் நாம் நினைத்த மாதிரி லேசுப்பட்டது இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. வடசென்னையில், தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்து, நாளைக்குப் பத்துத் தடவை சொல்லியும் கேட்டும் வரும் சொல். ஒரு நாளும் அதை நிறுத்தி வைத்து விசாரித்ததில்லை.

பிறப்பு பாரசீகத்தில். அங்கே 'பேஸார்' என்றால் வெறுத்துப்போன, மனம் விட்டுப்போன, சலித்த என்று பொருள். அதில் வரும் 'ஸ' பல்லிடுக்கில் அதிரும் ஒலி, இங்கிலீஷ் z மாதிரி. நம் வாயில் அது ஜகரமாகிவிடும். ஹாஸிர் ஆஜர் ஆனதும், ஸமீன் ஜமீன் ஆனதும் இதே கணக்குத்தான். 'பாஸார்' பஜார் ஆனதும் அப்படியே. அதனால் பர்மா பஜாருக்கும் நம் பேஜாருக்கும் உறவு இருக்கும் என்று சிலர் நினைப்பதுண்டு. உறவு கிடையாது. பஜார் என்பது கடைவீதி. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எம்.சி. ரோட்டில் துணி எடுக்கப் போனால் இரண்டும் ஒன்று என்று தோன்றும், அது வேறு விஷயம்.

இன்னொரு மயக்கமும் உண்டு. வடசென்னைப் பேச்சில் 'பே' என்று தொடங்கும் வசவுகள் சில இருக்கின்றன. பேமானி என்றால் ஈமான் இல்லாதவன், அதாவது நேர்மை கெட்டவன். பேவார்ஸ் என்றால் வாரிசு இல்லாதவன், கேட்க நாதியற்றவன். இரண்டிலும் 'பே' என்பது இல்லாமையைக் காட்டும் முன்னொட்டு. அதே கத்தியால் பேஜாரையும் வெட்டிப் பார்த்தால், மிஞ்சும் 'ஸார்' என்பதற்குப் பாரசீகத்தில் அழுகை, புலம்பல் என்று பொருள். 'புலம்பல் இல்லாத' என்று அர்த்தம் வந்து நிற்கும். பேஜாராக இருப்பவர் புலம்பாமல் இருந்து நான் பார்த்ததில்லை. ஆகவே வெட்டாமல் முழுசாகவே வைத்துக்கொள்வோம். ஒன்று மட்டும் நிச்சயம்: பேமானியும் பேவார்ஸும் வசவு, பேஜார் வசவு இல்லை. பெரியவர்கள் முன்னால், மாமியார் முன்னால்கூடத் தாராளமாகச் சொல்லலாம்.

இங்கே எப்படி வந்தது? ஆற்காட்டு நவாபின் ஆட்சியில் எழுத்து வேலை பாரசீகத்தில் நடந்தது. ஜில்லா, தாசில்தார், வசூல், பாக்கி, ஜாமீன், ரத்து எல்லாம் கச்சேரி, அதாவது சர்க்கார் அலுவலகக் காகிதத்தில் ஏறி வந்த சொற்கள். ஆனால் பேஜார் மனசைப் பற்றிய சொல். எந்த அரசாணையிலும் அதற்கு வேலை இல்லை. அது வாய்வழியாகத்தான் வந்திருக்க முடியும், அதற்கு இரண்டு வாசல்கள் திறந்து கிடந்தன. ஒன்று, மண்ணடி, புளியந்தோப்புப் பக்கம் பேசும் உருது. இன்னொன்று தெலுங்கு. தெலுங்கில் பேஜாரு இன்றைக்கும் சாதாரணச் சொல்; விலைவாசியில் ஜனம் 'பேஜாரெத்தி'ப் போவதாகப் பத்திரிகைகள் எழுதும். அப்பாவை 'நைனா' என்று தெலுங்கில் கூப்பிட்டுப் பழகிய ஊருக்கு பேஜார் ஒரு பாரமா? 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவான பெரம்பூர் மில் வட்டாரத்தையும், அதற்கும் முன்பே ரயில் வந்துவிட்ட ராயபுரத்தையும் நினைத்துப் பாருங்கள். பல பேச்சுக்காரர்கள் ஒரே சந்தில் குடியிருந்து, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த இடங்கள் இவை. பக்கத்து வீட்டுக்காரர் மனக்கஷ்டத்தை எந்தச் சொல்லால் சொல்கிறாரோ, அந்தச் சொல் நம் வீட்டுக்கும் வந்துவிடும்.

வந்த பிறகு இங்கே அதற்கு நடந்ததுதான் சுவாரசியம். பாரசீகத்தில் அது அனுபவிப்பவரோடு மட்டும் ஒட்டிய சொல். நான் பேஜார் என்றால் எனக்கு வெறுத்துவிட்டது. மராத்தியிலும் ஏறக்குறைய அப்படித்தான். கன்னடத்தில் அது இன்னும் உள்ளே போய், வருத்தம், மனத்தாங்கல் என்று மென்மையாகிவிட்டது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்காக பெங்களூரில் வாடகைக்கு இருந்தபோது, வீட்டுக்கார அம்மா வாடகையை ஏற்றிச் சொல்லிவிட்டு, "பேஜார் மாட்கோபேடி" என்றார். எனக்கு உச்சி வரைக்கும் ஏறிவிட்டது. வாடகையும் ஏற்றிவிட்டு, என்னையே பேஜார் பண்ணாதே என்கிறாரே! "நான் எங்கம்மா பேஜார் பண்ணேன்?" என்று தமிழில் எகிறினேன். அவர் திருதிருவென்று விழித்தார். ஓசூர்க்காரர் ஒருவர் மாடியில் குடியிருந்தார். அவர் இறங்கி வந்து அர்த்தம் சொன்னார். 'மனசுல வெச்சுக்காதீங்க' என்று அந்த அம்மா சமாதானம் சொல்லியிருக்கிறார். மன்னிப்புக் கேட்டேன். வாடகை குறையவில்லை.

நம் ஊரில் இந்தச் சொல் உள்ளே மட்டும் இருக்கச் சம்மதிக்கவில்லை. வெளியே குதித்துவிட்டது. "பேஜாரா கீது" என்றால் என் மனசு. "பேஜார் பண்றான்" என்றால் எதிராளி செய்யும் வேலை. "பேஜார் புடிச்ச வேல" என்றால் அந்த வேலையின் குணமே அது. நோகிறவர், நோகடிக்கிறவர், நோகவைக்கும் நிலைமை என்று மூன்றுக்கும் ஒரே சொல். ஒரே சொல்லால் மாற்றிவிட முடியாததற்கு இதுதான் காரணம். முதலில் யார் நோகிறார், யாரால் நோகிறார் என்று பார்க்க வேண்டும்.

எங்கள் தெருப் பெண்களுக்கு இந்த இலக்கணம் அத்துப்படி. சாயங்காலம் அடிபம்பு ஓய்ந்த பிறகு வாசப்படியில் உட்காருவார்கள். புதிதாய்க் கல்யாணமாகி வந்த பெண் யாராவது, "பேஜாரா கீதுக்கா" என்று ஆரம்பித்தால், உடனே யாரும் யோசனை சொல்லிவிட மாட்டார்கள். "இன்னாமே, சும்மாவே பேஜாரா கீதா, இல்ல யார்னா பேஜார் பண்றாங்களா?" என்று முதலில் ஒரு கேள்வி வரும். சும்மா என்றால், "ரெண்டு நாளு அம்மா வூட்டுக்குப் போய்ட்டு வா, சரியா பூடும்" என்பார்கள். யாரோ பண்ணுகிறார்கள் என்றால் பேச்சு தணிந்துவிடும், தலைகள் நெருங்கிவிடும், யார் என்ன என்று முழு விவரமும் வாங்கிய பிறகுதான் யோசனை வரும். நிலைமைதான் பேஜார் என்றால் அனுபவம் பேசும். அத்தை ஒரு சான்றிதழில் பெயர் திருத்த ஓர் அலுவலகத்துக்கு நடந்தார். "மூணு தபா அலைய வுட்டுட்டாங்க, பேஜாராயிட்ச்சி" என்று வந்து உட்கார்ந்ததும், எதிர்வீட்டு ஆயா சொன்ன யோசனை இது: "பத்து மணிக்கு முன்னால போய் நில்லு. பழைய பேப்பர் அசலயும் எடுத்துக்கினு போ. ஜெராக்ஸ மட்டும் நீட்டாத." நான்காம் தபாவில் வேலை முடிந்தது. தபாவும் உருதுவிலிருந்து வந்ததுதான். அதையும் வட்டம் போட்டால் அத்தையின் வாக்கியத்தில் அதிகம் மிஞ்சாது.

இனி தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். மனசு பேஜாராக இருப்பதற்குச் சலிப்பு நல்ல சொல். ஒரே மாதிரி நாட்கள் ஓடி, எதிலும் பிடிப்பு விட்டுப்போகும் நிலையை அது சரியாகச் சொல்கிறது. அலுப்பு என்பது பாதி உடம்புக்குப் போய்விடும். தூங்கி எழுந்தால் தீரும். தென்மாவட்டங்களில் 'சடவா இருக்கு' என்பார்கள்; அந்தச் சடைவில் சோர்வும் உண்டு, கொஞ்சம் மனக்குறையும் உண்டு. அத்தை போனில் சொன்ன பேஜாருக்கு எனக்கு இதுதான் மிக நெருக்கமாகப் படுகிறது. பாரசீகச் சொல்லின் முழுக் கசப்புக்குச் சமமாக ஒன்று வேண்டும் என்றால், பழைய தமிழில் முனிவு இருக்கிறது. 'யாதும் ஊரே' என்று தொடங்கும் புறநானூற்றுப் பாட்டில் வாழ்க்கையை இனிது என்று மகிழ்வதும் இல்லை, முனிவால் இன்னாதது என்று சொல்வதும் இல்லை என்று வரும். அந்த முனிவு, வாழ்க்கை மேலேயே வருகிற வெறுப்பு. அச்சு அசலாக 'பேஸார்'. ஆனால் இன்று முனிவு என்றால் ஜனங்களுக்குக் கோபம்தான் ஞாபகம் வரும், அல்லது தாடி வைத்த முனிவர். பேச்சில் எடுத்துவர முடியாது.

எதிராளி பண்ணும் பேஜாருக்குச் சொற்கள் ஏராளம். குழந்தை பலூன் கேட்டு முந்தானையைப் பிடித்து இழுத்தால் நச்சரிப்பு. உறவுக்காரர் 'பொண்ணுக்கு எப்போ கல்யாணம்' என்று பார்க்கும்போதெல்லாம் கேட்டால் குடைச்சல். மற்றதெல்லாம் தொல்லை. நிலைமைக்கு அல்லல், அலைச்சல், இழுபறி என்று இடம் பார்த்துப் போடலாம்.

பேஜார் என்றால் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அது 'லோக்கல்' பாஷையாம். 'போர் அடிக்குது' என்று அவர்களே ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறார்கள்! போர் இங்கிலீஷிலிருந்து வந்தது, பேஜார் பாரசீகத்திலிருந்து வந்தது; கப்பலில் வந்தால் மரியாதை, குதிரையில் வந்தால் இல்லையா? இப்போது எங்கள் தெருப் பையன்கள் பேஜாரையும் குறைத்துவிட்டார்கள். அந்த இடத்தில் டென்ஷன் வந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், டென்ஷனும் அதே குதியைக் குதித்திருக்கிறது. உள்ளுக்குள் இருக்க வேண்டிய இறுக்கம் அது. "டென்ஷன் பண்ணாத மச்சி" என்று எதிராளி கையில் கொடுத்துவிட்டார்கள். மனசில் நடப்பதற்குக்கூட ஓர் ஆளைப் பொறுப்பாக்கினால்தான் எங்கள் பக்கத்து வாய்க்குத் திருப்தி போலிருக்கிறது.

இவ்வளவையும் சொன்ன பிறகு அண்ணன் மகளிடம் கேட்டேன்: "உன் கட்டுரையில பேஜார் யாருக்கு?" கொஞ்சம் யோசித்தாள். "யாருக்கும்னு இல்ல சித்தப்பா, தெருவே அப்டி ஆயிடும்." அப்படியென்றால் மூன்றாவது வகை. 'மழை பெய்தால் எங்கள் தெருவில் தண்ணீர் நின்று பெரும் அல்லல் உண்டாகும்' என்று திருத்தி எழுதினாள். எழுதியதைச் சத்தமாக வாசித்தும் காட்டினாள்.

போனை வைத்துவிட்டு வந்த அத்தை கேட்டுவிட்டு, "இது இன்னாடி, அரமண வாசல்ல பேஞ்ச மழையா?" என்றார்.