அனானிமைசேஷன்: முகமறைப்பா, அடையாளநீக்கமா?

படத்திலோ காணொளியிலோ இருக்கும் ஒருவரை இன்னார் என்று எவராலும் கண்டுகொள்ள முடியாதபடி செய்வதை அனானிமைசேஷன் என்கிறார்கள். தமிழில் இதைப் பெயர்நீக்கம், அநாமதேயமாக்கல், முகமறைப்பு என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். மூன்றுமே எனக்கு நிறைவளிக்கவில்லை.

மூலச்சொல் கிரேக்கம். ‘ஓனிமா’ என்றால் பெயர். முன்னே ஒட்டும் ‘அன்’ இன்மையைக் குறிக்கும். அநாமதேயம் என்ற வடசொல்லும் அதே அச்சில் வார்த்ததுதான்: நாமதேயம் என்றால் பெயர், அகரம் எதிர்மறை. பேர் போடாமல் வரும் கடிதத்தை மொட்டைக் கடிதம் என்கிறோமே, அது இவை இரண்டையும்விடக் கூர்மையான சொல். ஆனால் இவையெல்லாம் கடிதத்துக்குப் பொருந்தும், முகத்துக்குப் பொருந்தா. பெயரே இல்லாமல் ஆளைக் காட்டிக்கொடுப்பதல்லவா முகம்?

பெயரை எடுத்துவிட்டாலும் ஆள் தெரிந்துவிடும் என்பதை நம் உரையாசிரியர்கள் என்றோ கண்டுவிட்டார்கள். அகப்பாட்டில் ‘சுட்டி ஒருவர் பெயர் கொளப் பெறாஅர்’ என்பது தொல்காப்பிய விதி. நெடுநல்வாடையில் தலைவன் பெயர் எங்குமே இல்லை. ஆனால் பாசறையில் அவனுக்கு வழிகாட்டி முன்னே செல்பவனின் வேல்தலையில் வேம்பு கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியரின் பூ. ‘அடையாளப்பூ’ கூறியதால் இது அகமாகாது என்று நச்சினார்க்கினியர் தீர்ப்பெழுதிவிட்டார். நாம் தேடும் சொல் அந்த உரைவரியிலேயே இருக்கிறது. நீக்க வேண்டியது அடையாளம். ஆகவே அடையாளநீக்கம்.

இந்த வேலை இயந்திரக் கற்றலிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணம் படங்களின் எண்ணிக்கை. தெருக்களைப் படமெடுத்து வரைபடத்தில் காட்டும் கூகுளின் வீதிக்காட்சி (ஸ்ட்ரீட் வியூ) 2007இல் தொடங்கியது; அடுத்த ஆண்டே முகங்களை மங்கலாக்கும் வேலையும் தொடங்கியது. தெருத் தெருவாக எடுத்த படங்களை ஆள் வைத்துப் பார்த்து முடியாது. ஏராளமான முகங்களைக் காட்டிப் பயிற்றிய நிரல், படத்தில் முகம் எங்கே இருக்கிறது என்று கண்டு அந்த இடத்தை மட்டும் கலைக்கிறது. அது யாருடைய முகம் என்று நிரலுக்குத் தெரிய வேண்டியதே இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, முன்னதை முகங்காணல் என்றும் பின்னதை ஆளறிதல் என்றும் பிரித்து எழுதுவது நல்லது.

விரைவுக்கும் சிக்கனத்துக்கும் வழிகள் உண்டு. படத்தைச் சுருக்கி அதில் முகம் தேடலாம். காணொளியில் ஒவ்வொரு சட்டகத்தையும் துழாவாமல் இடைவெளிவிட்டுத் தேடி, நடுவே முகம் நகரும் போக்கைப் பின்தொடரலாம். 2019இல் வெளிவந்த பிளேஸ்ஃபேஸ் போன்ற, முகங்காண்பதற்கென்றே பயிற்றிய சிறிய நரம்பியல் வலையமைப்புகள் கைப்பேசிக்குள்ளேயே ஓடுகின்றன. இதை நான் பெரிதாக மதிக்கிறேன்: முகத்தை மறைப்பதற்காகவே படத்தை வேறொரு கணினிக்கு அனுப்பும் தேவை ஒழிகிறது. ஆனால் அளவுக்கு மீறிச் சுருக்கினால் கடைசி வரிசையில் நிற்கும் பிள்ளையின் சின்ன முகம் நிரலின் கண்ணில் படாமலே போய்விடும். 2016இல் கேம்பிரிட்ஜில் ஒரு மாட்டின் முகத்தை வீதிக்காட்சி மங்கலாக்கியிருந்தது செய்தியானது. அந்தப் பிழையால் யாருக்கும் கேடில்லை. ஒரு பிள்ளையின் முகம் தப்பினால்தான் கேடு.

முகமறைப்பு என்ற சொல்லில் எனக்குள்ள தயக்கம் இங்கேதான். மறைத்ததை விலக்கிப் பார்க்கலாம். 2007இல் இன்டர்போல் தேடிய குற்றவாளி ஒருவன் தன் முகத்தைச் சுழி போலத் திருகிப் படம் வெளியிட்டிருந்தான். ஜெர்மானியக் காவல்துறை வல்லுநர்கள் அந்தச் சுழியைத் திருப்பிச் சுழற்றி முகத்தை மீட்டார்கள். அவனைப் பிடித்ததில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அதே வலுவின்மை அப்பாவியின் படத்திலும் இருக்கும். மங்கலாக்கிய, கட்டங்கட்டமாக்கிய முகங்களிலிருந்தும் பயிற்சி பெற்ற வலையமைப்பு ஆளறிய முடியும் என்று 2016இல் ஓர் ஆய்வு காட்டியது.

நார்வேயில் 2019இல் உருவான டீப்பிரைவசி என்ற நிரல் வேறு வழியில் சென்றது. முகப்பகுதியை முழுவதும் வெட்டி எடுத்துவிட்டு, சுற்றியுள்ள படத்தையும் தலை திரும்பியிருக்கும் நிலையையும் மட்டும் வைத்துப் புதிய முகம் ஒன்றை வரைந்து நிரப்புகிறது. பழைய முகத்தின் ஒரு புள்ளியும் வரையும் வலையமைப்புக்குக் காட்டப்படுவதில்லை. புனைபெயர் என்பதுபோல இதைப் புனைமுகம் எனலாம்.

அப்போதும் வேம்பு மிஞ்சும். ஒரு பள்ளி ஆண்டுவிழாப் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: முகங்கள் கலைந்திருக்கும், சட்டைப்பையில் பள்ளியின் சின்னம் பளிச்சென்று தெரியும், படக்கோப்புக்குள் ஒட்டியிருக்கும் சிறுபடத்தில் (தம்ப்நெயில்) பழைய முகம் அப்படியே இருக்கும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு இதை உணர்ந்து எழுதப்பட்டது. பெயர், முகவரி, படம் என்பதோடு நில்லாமல் குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் என்று குழந்தையை அடையாளம் காட்டும் எந்த விவரத்தையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்கிறது.

இனி ஆளும் முறை. பெயர்ச்சொல்லாக வரும்போது அடையாளநீக்கம் என்று சேர்த்து எழுதலாம். வினையாக வரும்போது ‘அடையாளம் நீக்கிய படம்’ என்றாலே போதும். ‘அடையாளநீக்கம் செய்யப்பட்ட’ என்று நீட்ட வேண்டாம். முகத்தின்மேல் கறுப்புப் பட்டையோ மங்கலோ மட்டும் போட்டிருந்தால் முகமறைப்பு என்றே சொல்லுங்கள். சட்டைச் சின்னமும் கோப்பின் சிறுபடமும் போன பிறகு அடையாளநீக்கம் என்று எழுதலாம்.