டெமோவைப் பார்த்து சிஆர்எம் வாங்காதீர்கள்

சிஆர்எம்முக்கு, அதாவது வரும் என்கொயரிகளையும் அடுத்தடுத்த பேச்சையும் பதிந்து பின்தொடரும் மென்பொருளுக்கு, ஓர் ஆண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டியாயிற்று. ஐந்து பேருக்கு லாகின் கொடுத்தாயிற்று. நான்காவது மாதம் திறந்து பார்த்தால், உள்ளே இருப்பது முதல் இரண்டு வாரத்து என்கொயரிகள் மட்டும். அதன் பிறகு வந்ததெல்லாம் பழையபடி விற்பனை ஆட்களின் வாட்ஸ்அப்பிலும் டைரியிலும் கிடக்கிறது. "இந்த சாஃப்ட்வேர் சரியில்லைங்க, வேற நல்லதா ஒண்ணு சொல்லுங்க" என்று முதலாளி கேட்கிறார். சிறு நிறுவனங்களுக்கு சிஆர்எம் அமைத்துக் கொடுக்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு இது அலுத்துப்போகும் அளவுக்குப் பழகிய கதை. பெரும்பாலும் சாஃப்ட்வேரில் குறையே இருக்காது. வாங்கிய விதத்தில்தான் குறை.

எல்லாத் தொழிலுக்கும் சிஆர்எம் தேவையில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைகளுக்கு வாராவாரம் சரக்கு போடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் புது வாடிக்கையாளர் மாதத்துக்கு ஒன்றிரண்டு பேர்தான் வருவார்கள். யாரிடம் எவ்வளவு பாக்கி, இந்த வாரம் யார் ஆர்டர் போடவில்லை, இதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது. பாக்கி டேலி கணக்கு மென்பொருளிலேயே இருக்கிறது; ஆர்டர் எடுக்க ஓர் ஆப் சேர்த்தால் போதும். ஆர்ஓ வாட்டர் ஃபில்டர் சர்வீஸ் செய்பவருக்கு ஃபில்டர் மாற்றும் தேதியும் ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) முடியும் தேதியும் தானாக நினைவுக்கு வர வேண்டும். அவர் விற்பனை சிஆர்எம் வாங்கினால், விற்பனை முடிந்ததும் அந்த ரெக்கார்டு தூங்கிவிடும். அடுத்த வருடம் அதை எழுப்ப ஆள் இருக்காது. அவர் தேட வேண்டியது சர்வீஸ் மென்பொருள்.

என்கொயரி வந்து விற்பனை முடியப் பல நாட்கள் ஆகி, நடுவில் நான்கைந்து முறை பேச வேண்டியிருக்கும் தொழிலுக்குத்தான் சிஆர்எம் உண்மையில் உதவும். கூரை சோலார், இன்டீரியர், இயந்திர விற்பனை எல்லாம் அந்த வகை.

இனி, என்னை மிகவும் எரிச்சல்படுத்தும் நம்பிக்கைக்கு வருகிறேன். "வசதி நிறைய இருக்கிறதா பாருங்க, இப்ப வேண்டாட்டியும் பின்னாடி உதவும்." உதவாது. தயவுசெய்து நம்புங்கள், உதவாது. ஒவ்வொரு வசதியும் விற்பனை ஆளின் திரையில் ஒரு கட்டமாகவோ ஒரு பட்டனாகவோ வந்து உட்காரும். ஒரு என்கொயரியைப் பதிய 25 கட்டங்கள் இருந்தால், அவர் முதல் நாள் எல்லாவற்றையும் நிரப்புவார், மூன்றாம் நாள் பாதியை விடுவார். அப்போது நீங்கள் பொறுக்க முடியாமல் எல்லாவற்றையும் கட்டாயமாக்குவீர்கள். உடனே மின்னஞ்சல் கட்டத்தில் ஏதோ ஒரு பொய் முகவரியும், பின்கோடு கட்டத்தில் ஆறு பூஜ்யங்களும் விழத் தொடங்கும். அதிலிருந்து எடுக்கும் ரிப்போர்ட்டும் பொய்தான். டெமோவில் இது எதுவும் தெரியாது. அதை ஓட்டிக் காட்டுபவர் தினமும் அதே வேலையைச் செய்பவர். பெரிய லேப்டாப், நல்ல நெட், முன்கூட்டியே நிரப்பி வைத்த மாதிரித் தரவு. உங்கள் ஆள் மொட்டை மாடி வெயிலில், ஒரு கையில் அளவெடுக்கும் டேப்பைப் பிடித்துக்கொண்டு, பழைய ஆண்ட்ராய்டு போனில் அதை நிரப்ப வேண்டும். அந்த இடத்தில் ஓடுகிற சாஃப்ட்வேர்தான் உங்களுக்கான சாஃப்ட்வேர்.

ஆகவே, எந்த நிறுவனத்தையும் கூப்பிடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, உங்களிடம் வரும் ஒரு என்கொயரி எப்படி நகர்கிறது என்று எழுதுங்கள். வீட்டுக் கூரை சோலார் போடும் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 2024 பிப்ரவரியில் வீட்டுக் கூரை சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் பிஎம் சூர்யா கர் திட்டம் வந்து, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்ற பிறகு, இந்தத் தொழிலில் என்கொயரி பல பக்கமிருந்தும் கொட்டுகிறது. விற்பனைப் படிகள் ஐந்து போதும்: புது என்கொயரி, பேசியாயிற்று, சைட் விசிட் முடிந்தது, கொட்டேஷன் போனது, அட்வான்ஸ் வந்தது. இவை எல்லாமே நடந்ததா இல்லையா என்று சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியவை. "ஆர்வமாக இருக்கிறார்", "ஹாட்", "வார்ம்" என்று படி வைக்காதீர்கள். ஒருவருக்கு ஹாட்டாகத் தெரிவது இன்னொருவருக்குத் தெரியாது. மாதக் கடைசியில் எல்லாமே ஹாட்டாகிவிடும்.

அட்வான்ஸோடு விற்பனை முடிந்தது. மானியத் திட்டத்தின் போர்ட்டலில் விண்ணப்பம், பேனல் பொருத்துவது, நெட் மீட்டர் (மின்வாரியத்துக்குத் திரும்பப் போகும் மின்சாரத்தையும் கணக்கிடும் மீட்டர்), மின்வாரிய ஆய்வு, மானியம் வங்கிக் கணக்குக்கு வருவது இவையெல்லாம் வேறு ஆள் பார்க்கும் வேறு வேலை. இரண்டையும் ஒரே வரிசையில் பத்துப் பன்னிரண்டு படியாகக் கோர்த்தால், நெட் மீட்டருக்காகக் காத்திருக்கும் வீடும் இன்னும் பேரம் பேசும் வீடும் ஒரே பட்டியலில் நின்று குழப்பும். எனவே இரண்டு தனித்தனி வரிசைகளை, சிஆர்எம் மொழியில் பைப்லைன்களை, வைக்க முடியுமா என்று கேளுங்கள். பல சாஃப்ட்வேர்களில் அடிமட்டத் திட்டத்தில் ஒரே பைப்லைன்தான் கிடைக்கும்.

நிரப்ப வேண்டிய கட்டங்கள் எட்டைத் தாண்ட வேண்டாம். பெயர், போன் எண், ஊர், எந்த வழியாக வந்தார், இரண்டு மாத மின்கட்டணம், கூரை வகை, யார் பொறுப்பு, அடுத்து பேசும் தேதி. கடைசியாகச் சொன்ன தேதிதான் இருப்பதிலேயே முக்கியம். முடியாத என்கொயரி எதிலும் அது காலியாக இருக்கக் கூடாது. "அடுத்த தேதி காலி" என்று ஒரு பட்டியலைச் சேமித்து வைத்து, தினமும் காலையில் அதை மட்டும் பாருங்கள். கை நழுவியதற்கான காரணத்தையும் டைப் செய்ய விடாமல் தேர்வுப் பட்டியலாக வையுங்கள்: விலை, வேறிடத்தில் வாங்கிவிட்டார், கூரையில் நிழல், லோன் கிடைக்கவில்லை, வாடகை வீடு.

இந்தத் தாளோடு மூன்று சாஃப்ட்வேர்களை ட்ரையலில் எடுங்கள். சிறு நிறுவனத்துக்கு ஜோஹோவின் பிகின், ஃப்ரெஷ்சேல்ஸ், ஹப்ஸ்பாட், ஓடூ, விடைகர் என்று தேர்வுக்குக் குறைவில்லை. ஜோஹோ சிஆர்எம் மூன்று யூசர் வரை இலவசமாகவே கிடைக்கிறது. பெயரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். உங்கள் விற்பனை ஆளின் சொந்த போனில், வெளியே நிற்க வைத்து, மொபைல் டேட்டாவில் ஒரு சோதனை நடத்துங்கள். இப்போதுதான் ஒருவரிடம் பேசி முடித்ததாக வைத்துக்கொண்டு, அவர் பெயரைத் தேடி எடுத்து, ஒரு வரி குறிப்பு எழுதி, அடுத்த தேதி போட வேண்டும். 30 வினாடிக்குள் முடியவில்லை என்றால் அதை விட்டுவிடுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் எழுதிய குறிப்பு பிறகு சேர்கிறதா, தொலைந்துபோகிறதா என்றும் பாருங்கள்.

நம் ஊர்ப் பெயர்கள் தனிச் சிக்கல். பல சிஆர்எம்களில் முதல் பெயர், கடைசிப் பெயர் என இரண்டு கட்டங்கள் இருக்கும். கடைசிப் பெயரை விட்டுவிட முடியாது. "கே. முருகன்" என்பவரின் இனிஷியல் முதல் பெயரில் விழுந்தால், பிறகு போகும் வாட்ஸ்அப் செய்தி "வணக்கம் கே" என்று போய்ச் சேரும். முழுப் பெயரையும் கடைசிப் பெயர்க் கட்டத்தில் போட்டு, செய்தியும் அந்தக் கட்டத்திலிருந்தே பெயரை எடுக்கும்படி அமையுங்கள். தமிழில் பதிந்த முருகன் ஆங்கிலத்தில் தேடினால் கிடைக்க மாட்டார். ஏதாவது ஓர் எழுத்தில் உறுதியாக இருங்கள். எப்படியும் தேடுவது போன் எண்ணை வைத்துத்தான் என்று பழக்குங்கள்.

பழைய எக்செல் பட்டியலை ஏற்றும்போது நடக்கும் விபத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். 91 சேர்த்த 12 இலக்க எண்ணை எக்செல் சாதாரணக் கட்டத்தில் அப்படியே காட்டாது. புள்ளி, ஆங்கில எழுத்து, கூட்டல் குறி சேர்ந்த சுருக்க வடிவத்தில் காட்டும். அந்த நிலையிலேயே, சிஆர்எம்மில் ஏற்றுவதற்கான சிஎஸ்வி என்ற எளிய எழுத்துக் கோப்பாகச் சேமித்தால், திரையில் தெரிந்த சுருக்கம்தான் கோப்பில் எழுதப்படும். பின்பாதி இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும், திரும்ப வராது. சேமிப்பதற்கு முன் போன் எண் இருக்கும் நெடுவரிசையை நம்பர் வடிவத்துக்கு மாற்றி, தசம இடத்தைப் பூஜ்யமாக்குங்கள். தமிழில் பெயர்கள் இருந்தால் சேமிக்கும் வகையில் "சிஎஸ்வி யுடிஎஃப்-8" என்பதையே தேர்ந்தெடுங்கள்; வெறும் சிஎஸ்வியில் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். தேதியும் அப்படித்தான்: 05/06 என்பது ஜூன் 5 ஆகவும் போகலாம், மே 6 ஆகவும் போகலாம். முதலில் 20 வரிசை மட்டும் ஏற்றி, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகு மீதியை ஏற்றுங்கள். டூப்ளிகேட்டைப் போன் எண்ணை வைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். மின்னஞ்சலை வைத்துப் பிடித்தால், மின்னஞ்சல் இல்லாத வாடிக்கையாளர் எத்தனை முறை வேண்டுமானாலும் உள்ளே வந்துவிடுவார். முகநூல் விளம்பரப் படிவத்தில் வரும் பெயர்கள் 90 நாள்தான் பதிவிறக்கக் கிடைக்கும். அவை தானாக சிஆர்எம்முக்குள் வரும்படி இணைத்துவிடுங்கள், கையால் எடுத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

"வாட்ஸ்அப் இணைப்பு உண்டு" என்று விற்பவர் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். அதற்கு மூன்று அர்த்தம் இருக்கலாம். ஒரு பட்டனைத் தொட்டால் உங்கள் போனின் வாட்ஸ்அப் திறக்கும், அவ்வளவுதான் என்பது ஒன்று. வாட்ஸ்அப்பே தரும் அதிகாரபூர்வ ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு நேரடியாகப் பேசும் வழி) மூலம் அனுப்புவது இன்னொன்று: வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம் சுதந்திரமாகப் பதில் எழுதலாம், அதன் பிறகு வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டா ஒப்புதல் தந்த டெம்ப்ளேட்டை (முன்கூட்டியே எழுதி வைத்த செய்தியை) மட்டுமே அனுப்ப முடியும், விளம்பர டெம்ப்ளேட்டுக்குச் செய்திக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு. மூன்றாவது, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொல்லி, வாட்ஸ்அப் வெப் வழியாகக் கள்ளத்தனமாக ஆயிரக்கணக்கில் அனுப்புவது. விலை குறைவு என்று இதில் மட்டும் விழாதீர்கள். எண் முடக்கப்பட்டால், போர்டிலும் விசிட்டிங் கார்டிலும் வருடக்கணக்கில் இருந்த உங்கள் எண்ணின் வாட்ஸ்அப் போய்விடும். கடை எண்ணை ஏபிஐக்கு மாற்றச் சொன்னால், போனில் இருக்கும் பிசினஸ் ஆப் தொடர்ந்து வேலை செய்யுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கால் ரெக்கார்டிங் வாக்குறுதியும் இப்படித்தான். அக்சஸிபிலிட்டி அனுமதி (மாற்றுத்திறனாளிகளுக்கு உதவ ஆண்ட்ராய்டில் உள்ள வசதி) வழியாகப் போன் பேச்சைப் பதிவு செய்யும் ஆப்களை 2022 மே மாதத்தோடு கூகுள் தன் ப்ளே ஸ்டோரில் தடுத்துவிட்டது. பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து ஒரு கோப்பை இறக்கி நிறுவச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பதிவு கட்டாயம் வேண்டுமென்றால் எக்ஸோடெல், மைஆப்பரேட்டர் போன்ற நிறுவனங்கள் தரும் கிளவுட் டெலிபோனி எண் (அழைப்பு அவர்களின் சர்வர் வழியாகப் போகும் எண்) வழியாகப் பேசுங்கள். பதிவாகிறது என்று எதிர்முனைக்கும் சொல்லுங்கள்.

பணக் கணக்கை முழுதாகப் போடுங்கள். யூசருக்கு மாதம் 800 ரூபாய் என்றால், ஐந்து பேருக்கு வருடம் 48,000. 18 சதவீத ஜிஎஸ்டி 8,640 சேர்ந்து 56,640. இதோடு அமைத்துத் தரும் கட்டணம், வாட்ஸ்அப் செய்திக் கட்டணம், டேலி இணைப்புக் கட்டணம் எல்லாம் தனி. ரிப்போர்ட் மட்டும் பார்க்கும் முதலாளிக்கும் ஒரு யூசர் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். தள்ளுபடிக்காக முதல் நாளே ஆண்டுச் சந்தா கட்டாதீர்கள். மூன்று மாதம் மாதச் சந்தாவில் ஓட்டுங்கள். கூடுதலாகப் போகும் தொகை, பயன்படாத ஆண்டுச் சந்தாவை விடக் குறைவுதான்.

கையெடுத்துக் கேட்டுக்கொள்வது ஒன்று. கணக்கை உங்கள் நிறுவன மின்னஞ்சலில், உங்கள் போன் எண்ணில், நீங்களே தொடங்குங்கள். அமைத்துத் தருபவர் தன் மின்னஞ்சலில் திறந்து, உங்களை ஒரு யூசராகச் சேர்த்தால், நாளை அவரோடு மனஸ்தாபம் வந்தால் வாடிக்கையாளர் பட்டியல் அவர் கையில். எல்லா உரிமையும் உள்ள சூப்பர் அட்மின் நீங்களாக இருக்க வேண்டும். அவருக்குத் தற்காலிக அட்மின் உரிமை போதும், வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். எக்ஸ்போர்ட் உரிமை, அதாவது தரவைக் கோப்பாக வெளியே எடுக்கும் உரிமை, உங்களுக்கு மட்டும் இருக்கட்டும். ஆள் வேலையை விட்டுப் போகும் அன்றே லாகினை நிறுத்தி, அவர் பெயரில் இருந்த என்கொயரிகளை இன்னொருவருக்கு மாற்றுங்கள். மாற்றாமல் லாகினை மட்டும் நிறுத்தினால் அவற்றுக்கான நினைவூட்டல் யாருக்கும் வராது.

வெளியேறும் வழியையும் ட்ரையலிலேயே சோதியுங்கள். பத்து வாடிக்கையாளர், குறிப்புகள், இணைத்த கொட்டேஷன் பிடிஎஃப் எல்லாம் போட்டு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பெயரும் எண்ணும் எல்லாவற்றிலும் வரும். குறிப்புகள் வேறு கோப்பில் வருகின்றனவா, எந்தக் குறிப்பு யாருடையது என்று தெரிகிறதா, பிடிஎஃப் வருகிறதா என்பதுதான் கேள்வி. சோலார்காரர்கள் ஆதார் நகலை வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன. பாதுகாப்பில் அலட்சியமாக இருந்தால் அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய். நகலை சிஆர்எம்மில் குறிப்பிட்ட ஒருவர் மட்டும் திறக்கும்படி வைத்து, மானியம் வந்ததும் அழித்துவிடுங்கள்.

ஆண்டுச் சந்தாவுக்கு மாறும் நாளிலேயே, புதுப்பிப்புத் தேதிக்கு 45 நாள் முன்னதாகக் காலண்டரில் ஒரு குறிப்பு போடுங்கள். தானாகப் பணம் எடுக்கும் வசதியை அணையுங்கள். அந்த நாள் வந்ததும் கடந்த 30 நாளில் யார் யார் லாகின் செய்தார்கள் என்ற பட்டியலை எடுத்து, செய்யாதவர்களுக்கான யூசரைக் குறைத்த பிறகே பணம் கட்டுங்கள்.