கறிவேப்பிலைச் செடியில் இருப்பது கம்பளிப்பூச்சி இல்லை

மழை நின்று நாலு நாள் வெயில் அடித்தால் போதும், கறிவேப்பிலையும் எலுமிச்சையும் துளிர் விட்டுவிடும். துளிர் விட்ட கையோடு என் கைப்பேசிக்குப் புழுப் படங்கள் வர ஆரம்பிக்கும். "சார், இது என்ன புழு? என்ன மருந்து அடிக்கணும்?" முதல் கேள்விக்குப் பதில் எழுதி முடிப்பதற்குள் இரண்டாவது கேள்வி வந்து நிற்கும். பயிர்ப் பாதுகாப்பு வேலையில் இருப்பவனுக்கு இது பழகிப்போன சங்கதிதான். ஆனால் சமீபத்தில் வந்த ஓர் அழைப்புக்குப் பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அவர்கள் மருந்தை அடித்து முடித்துவிட்டுத்தான் என்னைக் கேட்டார்கள்.

மொட்டைமாடித் தொட்டியில் ஒரே ஒரு கறிவேப்பிலைச் செடி. அதில் பச்சையாக இரண்டு மூன்று புழுக்கள். குச்சியால் சீண்டியதும் ஒரு புழு சிவப்பாக எதையோ நீட்டியிருக்கிறது. பயந்துபோய்க் கடையில் கேட்டிருக்கிறார்கள். கடைக்காரர் என்ன செடி, எத்தனை செடி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை; பருத்திக்கு அடிக்கிற மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அடித்தாயிற்று. மறுநாள் அதே செடியில் நாலு இணுக்கு ஒடித்து ரசமும் தாளித்தாயிற்று. "நல்லா கழுவித்தான் சார் போட்டோம்" என்கிறார்கள்.

கழுவினால் போகாது. அந்த வகை மருந்து இலைக்குள் ஊடுருவிப் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்காகத்தான் அதைத் தயாரிக்கிறார்களே!

சரி, அந்தப் புழுவிடம் வருவோம். அது கம்பளிப்பூச்சி இல்லை. அழகிகள் என்று நாம் அழைக்கும் பட்டாம்பூச்சிக் குடும்பத்தின் குழந்தை. நம் வீட்டுச் செடிகளுக்கு அதிகம் வருபவை இரண்டு: எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி. பெயரைப் பார்த்து, எலுமிச்சையில் இருந்தால் அது, கறிவேப்பிலையில் இருந்தால் இது என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டும் இரண்டையும் தின்னும். நாரத்தை, கிடாரங்காய், வில்வம், விளா எல்லாம் இவற்றுக்கு ஒரே பந்திதான். அத்தனையும் ஒரே தாவரக் குடும்பம்.

இனி அந்தச் சிவப்புச் சமாசாரம். "பாம்பு மாதிரி நாக்கு நீட்டுது", "கொம்பால குத்துது", "விஷம் பீய்ச்சுது" என்று எத்தனை விதமாகத்தான் கேட்பது? அது நாக்கு இல்லை. கொடுக்கும் இல்லை. அதற்குள் ஊசி கிடையாது, விஷப்பை கிடையாது, குத்துவதற்கான எலும்பு கிடையாது. தலைக்குப் பின்னால், கழுத்துப் பக்கத்தில் ஒரு மடிப்புக்குள் சுருண்டு கிடக்கும் மெல்லிய சதைப்பை அது. சீண்டினால் உடலின் நீர்மத்தை அழுத்தி, கவை போல இரண்டு கிளையாக வெளியே தள்ளும். ஆபத்து போய்விட்டது என்று தோன்றினால் நத்தை கொம்பை இழுத்துக்கொள்வது போல உள்ளே இழுத்துக்கொள்ளும். எங்கள் துறையில் ஆஸ்மிடீரியம் என்போம். அதிலிருந்து வருவது வாடை மட்டும்தான். வளர்ந்த புழுவில் அந்த வாடைக்குக் காரணம் சில கொழுப்பு அமிலங்கள், ஐசோபியூட்ரிக் அமிலம் அதில் ஒன்று. எறும்பும் சிலந்தியும் அந்த நாற்றத்தில் பின்வாங்கும். உங்கள் விரலில் பட்டால் விரல் நாறும். சோப்புப் போட்டுக் கழுவுங்கள், முடிந்தது. தோல் கொப்பளிக்காது, கண் போகாது, காய்ச்சல் வராது. பயிற்சி முகாம்களில் புழுவைக் கையில் எடுத்து, சீண்டி, நீட்டவைத்துக் காட்டுவேன். அப்போதும் பின்வரிசையில் ஒருவர், "சாருக்குப் பழகிப்போச்சு, ஒண்ணும் செய்யாது" என்பார். எனக்கும் அந்தப் புழுவுக்கும் அப்படி எந்த ஒப்பந்தமும் இல்லை ஐயா.

இதே புழுவின் முன்பகுதியில் பெரிதாக இரண்டு கண் தெரியும். அதுவும் கண் இல்லை, வெறும் வரைவு. உண்மையான தலை சின்னதாக அதற்குக் கீழே மடங்கி இருக்கும். முன்னுடம்பை உப்பவைத்து, அந்தப் பொய்க்கண்ணையும் காட்டி, நாக்கு மாதிரி ஒன்றையும் நீட்டினால் குருவி ஒரு நொடி தயங்கும். அந்த ஒரு நொடிக்காக நடக்கும் நாடகம் இது. அதைப் பார்த்துக் குருவி பயப்படலாம். ஆறடி மனிதர் பூச்சிமருந்துக் கடைக்கு ஓட வேண்டுமா?

இன்னொரு குழப்பம் வயதால் வருவது. முட்டை மஞ்சள் நிறத்தில் கடுகு அளவு உருண்டை. துளிர் இலையில் பெரும்பாலும் ஒவ்வொன்றாகத்தான் இருக்கும். பொரித்து வரும் புழு பழுப்பும் வெள்ளையுமாக, ஈரப் பளபளப்போடு, அச்சு அசல் பறவை எச்சம் மாதிரி இலை மேலேயே கிடக்கும். நான்கு முறை தோலுரிக்கும். நான்காவது தோல் கழன்றதும் பச்சைப் புழு வரும். அதனால் "சார், ரெண்டு வகைப் புழு இருக்கு" என்று நீங்கள் அனுப்பும் படத்தில் பெரும்பாலும் இருப்பது அண்ணனும் தம்பியும்தான். பச்சைப் பருவத்தில் எலுமிச்சை அழகியா, கறிவேப்பிலை அழகியா என்று பிரிப்பது சுலபமில்லை. பக்கவாட்டில் ஓடும் சாய்ந்த பட்டைகளைப் பார்த்து நாங்களே இரண்டு முறை யோசிப்போம். உங்களுக்கு அது தேவையும் இல்லை, இரண்டும் சாதுதான்.

பட்டாம்பூச்சியான பிறகு பிரிப்பது எளிது. கறுப்பில் மஞ்சள் திட்டுகள் சிதறி, பின்னிறக்கையின் உள்மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு, வால் இல்லை என்றால் எலுமிச்சை அழகி. வால் இல்லாததாலேயே இது அந்தக் குடும்பம் இல்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. எல்லா அழகிக்கும் வால் இருந்தாக வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. கறுப்பு உடலும் இறக்கையும், பின்னிறக்கையின் குறுக்கே வரிசையாக வெள்ளைத் திட்டு, குட்டி வால் என்றால் கறிவேப்பிலை அழகியின் ஆண். பெண் விஷயம்தான் சுவாரசியமானது. அதற்கு மூன்று வடிவம் உண்டு. ஒன்று ஆணைப் போலவே இருக்கும். இன்னொன்று ரோஜா அழகியின் வேஷம், மற்றது சிவப்புடல் அழகியின் வேஷம். அந்த இரண்டு நிஜ அழகிகளையும் பறவைகள் தின்னாது, நச்சு. வேஷம் போட்டவள் கறிவேப்பிலை தின்று வளர்ந்தவள், நச்சு இல்லாதவள், ஆனாலும் தப்பித்துக்கொள்வாள். இறக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள், உடம்பைப் பாருங்கள். நிஜ அழகிகளுக்கு உடம்பு சிவப்பு. வேஷக்காரிக்குக் கறுப்பு. இத்தனை வேஷத்தையும் டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணுதான் ஆட்டிவைக்கிறது என்று 2014-இல் கண்டறிந்தார்கள்.

அந்த நிஜ நச்சழகிகளின் புழுக்களைக் கறிவேப்பிலையில் தேடாதீர்கள். அவை ஆடுதின்னாப்பாளையிலும் ஈஸ்வரமூலிக் கொடியிலும் இருக்கும். கருஞ்சிவப்பு உடம்பு, உடல் முழுக்கச் சதைக்கொம்புகள். நடுவில் வெள்ளைப் பட்டை இருந்தால் ரோஜா அழகி. பட்டை இல்லாமல் கொம்பெல்லாம் செம்மஞ்சளாக இருந்தால் சிவப்புடல் அழகி. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் அந்தக் கொம்புகளும் வெறும் சதைதான், குத்தாது. பேச்சோடு பேச்சாக ஒன்று: இந்தப் புழுவைக் கண்டு நாலடி தள்ளி நிற்பவர்களே அது தின்னும் கொடியைப் பிடுங்கிக் கஷாயம் வைத்துக் குடிக்கிறார்கள். இந்தக் கொடிகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. அது மனிதச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் தரும். 1990-களில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கும் மருந்தில் இந்த இனத் தாவரம் கலந்துபோய், பல பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. கொடியைப் புழுவுக்கு விட்டுவிடுங்கள்.

நெட்டிலிங்கம், சீதா மரங்களில் முன்பக்கம் பருத்து, முள் போன்ற சிறு நீட்சிகளோடு இருக்கும் பச்சைப் புழுவும் இதே குடும்பம்தான். பச்சைப் புள்ளிகளோடு, பூவில்கூட நிற்காமல் படபடத்துக்கொண்டே இருக்கும் டெய்ல்ட் ஜே பட்டாம்பூச்சியாக அது மாறும்.

அப்படியானால் தொடக்கூடாத புழுவே இல்லையா? உண்டு. அதைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். முருங்கை மரத்து அடிப்பட்டையில் கூட்டமாக அப்பிக் கிடக்கும் ரோமப் புழு, அதுதான் கம்பளிப்பூச்சி. அதன் ரோமம் பட்டால் தடிக்கும், அரிக்கும். ஆமணக்கு, தென்னை, மா போன்றவற்றில் இன்னொரு வகை உண்டு. அது பச்சையாக, தட்டையாக, கால் தெரியாமல் நத்தை மாதிரி ஊர்ந்து போகும்; உடம்பின் ஓரமெல்லாம் முள்கொத்து. தொட்டால் நெருப்பு வைத்த மாதிரி எரியும். 2022-இல் வயலில் புழு கடித்து ஐந்து நிமிடத்தில் ஆள் இறந்துவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய படத்தில் இருந்ததும் இந்த வகைப் புழுதான். எரியும், வீங்கும், ஒவ்வாமை உள்ளவருக்கு அதிகம் படுத்தும். ஐந்து நிமிடச் சாவு என்பதெல்லாம் கட்டுக்கதை. பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள். செலோடேப்பை ஒட்டி உரித்து முள்ளை எடுங்கள், சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டாலோ மூச்சு திணறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆக, நிறம் முக்கியமில்லை. ரோமமும் முள்கொத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். வழவழவென்று இருந்து, சீண்டினால் கழுத்திலிருந்து கவை வந்தால் அழகி. வழவழவென்று இருந்து வால் நுனியில் ஒற்றைக் கொம்பு இருந்தால், அது பருந்து அந்துப்பூச்சியின் புழு. நந்தியாவட்டை, அரளியில் நீலக்கண்ணோடு இருப்பது அதுதான். அந்தக் கொம்பும் குத்தாது. அதற்கும் ஒரு வதந்தி உண்டு, இன்றைக்கு வேண்டாம்.

விவசாயிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். எலுமிச்சை நாற்றங்காலிலும் நட்டு ஓரிரு வருடமே ஆன கன்றுகளிலும் இந்த அழகிப் புழு நிஜமாகவே தொல்லைதான். சில நாளில் கன்றை மொட்டையாக்கிவிடும். எலுமிச்சை அழகி 2004-இல் டொமினிக்கன் குடியரசு வரைக்கும் போய்ச் சேர்ந்து, அங்கேயும் கவலை தந்திருக்கிறது. முதல் வேலை கையால் பொறுக்குவதுதான். எச்சம் மாதிரி இருக்கும்போதே பொறுக்கிவிட்டால் சேதம் இல்லை. கட்டுமீறினால் வேப்பங்கொட்டைச் சாறு, இல்லையென்றால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிர் மருந்து. வளர்ந்த மரத்துக்கு இவற்றால் ஒன்றும் ஆகாது. குளவி, சிலந்தி, குருவி எல்லாம் தின்றது போக மிஞ்சுவதே கொஞ்சம். இலை சுருண்டு கோணலாகப் போவதற்கும் இந்தப் புழுவைத் திட்டாதீர்கள். அது இலைத்துளைப்பான், சாறு உறிஞ்சும் பூச்சிகளின் வேலை. இந்தப் புழு ஓரத்திலிருந்து நேர்மையாகக் கடித்துத் தின்னும்.

வீட்டுச் செடிக்கு எந்த மருந்தும் வேண்டாம், எந்த மருந்தும். பிடிக்கவில்லையா? இலையோடு கிள்ளிப் பக்கத்து வில்வத்திலோ நாரத்தையிலோ விடுங்கள். கடைக்காரர் என்ன சொன்னாலும் புட்டியின் சீட்டைப் படியுங்கள். எந்தப் பயிருக்கு, அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று அதில் இருக்கும். உங்கள் செடியின் பெயர் இல்லையென்றால் அது உங்களுக்கான மருந்து இல்லை. சிவப்பு முக்கோணம், அதாவது கடும் நச்சு என்ற அடையாளம், போட்ட புட்டி வீட்டுக்குள் வரவே கூடாது. ஏற்கெனவே அடித்துவிட்டீர்களா? அந்த இலையை எல்லாம் உருவிக் குழியில் புதையுங்கள், ஆட்டுக்குப் போடாதீர்கள். புதுத் துளிரையும் உடனே பறித்துச் சமைக்க வேண்டாம், ஊடுருவும் மருந்து அதற்கும் ஏறும். சாப்பிட்ட பிறகு யாருக்காவது வாந்தி, அதிக வியர்வை, எச்சில் ஊறுவது, பார்வை மங்குவது என்று இருந்தால் புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். புட்டி இல்லாமல் போனால் அவர் ஊகிக்க வேண்டியிருக்கும்.

பிள்ளைகள் புழுவை வளர்க்க ஆசைப்பட்டால் தாராளமாக விடுங்கள், ஆனால் சந்தையில் வாங்கிய கறிவேப்பிலையைப் போடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் பூச்சிக்கொல்லி எச்சத்துக்காகவே இந்தியக் கறிவேப்பிலையைத் தனிப் பட்டியலில் வைத்துச் சோதித்து வந்திருக்கிறது. அந்த இலையைத் தின்றால் புழு செத்துப் போகலாம், பிள்ளை அழும். மூடிய பாட்டில் வேண்டாம், வலைத்துணி கட்டிய டப்பா போதும். சாய்வாக ஒரு குச்சி வையுங்கள். இடுப்பில் நூல் கட்டிக்கொண்டு அதில்தான் கூட்டுப்புழுவாகும். பச்சையாகவும் இருக்கும், பழுப்பாகவும் இருக்கும். பழுப்பாகிவிட்டதே என்று செத்ததாக நினைத்துத் தூக்கி எறியாதீர்கள். பட்டாம்பூச்சி வெளியே வந்ததும் அடியில் செந்நிறச் சொட்டுகள் விழுந்திருக்கும். அது ரத்தம் இல்லை, கூட்டுக்குள் சேர்ந்திருந்த கழிவு. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, இறக்கை காய்கிற வரைக்கும் அதைத் தொடாமல் இருங்கள்.