‘அஞ்சல் தள்ளுபடி’ தள்ளுபடி அன்று

முழு விலையையும் கொடுத்து வாங்கியபின், அஞ்சலில் விண்ணப்பித்து அதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறும் முறைக்கு அமெரிக்கக் கடைகளில் புழங்கும் ‘மெயில்-இன் ரிபேட்’ என்ற பெயரை ‘அஞ்சல் தள்ளுபடி’ என்று தமிழாக்குவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். சென்ற வாரம் கையில் கிடைத்த ஒரு கலைச்சொல் பட்டியலிலும் அதுவே இருந்ததால் இதை எழுதுகிறேன்.

ரிபேட் என்பது பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். அடித்துத் தாழ்த்துதல் என்பது அதன் வேர்ப்பொருள். விலையைத் தாழ்த்துதல் என்ற பொருள் பின்னர், கொடுத்த பணத்தில் ஒரு பகுதி திரும்பி வருவதையும் குறிக்கலாயிற்று.

தமிழாக்குவோர் தவறவிடுவது இந்தத் திரும்பி வருதலைத்தான். 2005இல் நியூஜெர்சியில் வீட்டுக்கு ஒரு வயர்லெஸ் ரூட்டர் வாங்கினேன். விளம்பரத்தில் 39.99 டாலர் என்று பெரிதாகவும், 69.99 டாலர் என்று சிறிதாகவும் அச்சிட்டிருந்தார்கள். கல்லாவில் நான் கொடுத்தது 69.99 டாலர்; விற்பனை வரியும் அந்த முழு விலைக்கே. மீதி 30 டாலரைப் பெறுவதற்குப் பெட்டியின் அட்டையிலிருந்து பட்டைக்குறியீட்டைக் கத்தியால் வெட்டியெடுத்து, ரசீதின் நகலையும் நிரப்பிய படிவத்தையும் சேர்த்து, குறித்த நாளுக்குள் அஞ்சல் முத்திரை விழும்படி அனுப்ப வேண்டியிருந்தது. பட்டைக்குறியீட்டை வெட்டிவிட்டால் அந்த ரூட்டரைக் கடை திரும்ப எடுத்துக்கொள்ளாது. எட்டு வாரம் என்றார்கள்; பதினோராம் வாரத்தில், விளம்பர அட்டை என்று குப்பையில் போட்டுவிடக்கூடிய தோற்றத்தில் ஒரு காசோலை வந்தது.

இதில் தள்ளுபடி எங்கே இருக்கிறது? கல்லாவில் நிற்கும்போதே விலையில் ஒரு பகுதியைத் தள்ளிவிடுவதுதான் தள்ளுபடி. வாங்குபவர் அதற்காக எதுவும் செய்ய வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, ‘அஞ்சல் தள்ளுபடி’ என்று படிக்கும் தமிழர் அஞ்சல் கட்டணத்தில் ஏதோ குறைத்திருக்கிறார்கள் என்றே எண்ணுவார். நம் வழக்கில் மனுவும் தள்ளுபடியாகும், கடனும் தள்ளுபடியாகும். ஆகவே படிவத்தில் பிழை கண்டு நிறுவனம் மறுத்துவிட்டால், ‘தள்ளுபடி விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்பட்டது’ என்று எழுத நேரும். ஒரே சொல் பணம் வருவதையும் வராமல் போவதையும் ஒரே வாக்கியத்தில் குறிக்குமானால், அதைக் கலைச்சொல்லாக ஏற்க முடியாது.

இந்தக் குழப்பத்துக்கு நம் ஊரிலும் ஒரு காரணம் உண்டு. கைத்தறிக் கூட்டுறவுக் கடைகளில் பண்டிகைக் காலத்தில் விலையைக் குறைத்துக் கொடுப்பதை நெடுங்காலமாக ரிபேட் என்றும் தள்ளுபடி என்றும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். அங்கே சேலை வாங்குபவருக்குக் கல்லாவிலேயே விலை குறைகிறது. அந்த இழப்பைச் சங்கத்துக்குப் பின்னர் ஈடுசெய்வது அரசு. வாங்குபவருக்கு அது தள்ளுபடி. பின்னால் பணம் பெறும் சங்கத்துக்குத்தான் அது ரிபேட். சேலைக் கடையில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்ததை ரூட்டர் பெட்டியின்மேல் அப்படியே ஒட்டுவது சோம்பலான மொழிபெயர்ப்பு. அகராதியில் முதலில் கிடைக்கும் சொல்லை எடுத்துக்கொண்டு, அந்தப் பணம் யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது போகிறது என்று கேளாமலேயே எழுதிவிடுகிறார்கள். வங்கி, காப்பீட்டுப் படிவங்களின் தமிழ் படிக்க முடியாமல் போவதும் இதனால்தான்.

‘மீளளிப்பு’ என்பாரும் உளர். அது பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுவதற்கே உரியது. இங்கே ரூட்டர் நம் வீட்டிலேயே இருக்கிறது.

என் பரிந்துரை ‘பிற்கழிவு’. இலங்கைத் தமிழர் விலைக்குறைப்பைக் கழிவு என்றே சொல்கிறார்கள். கழித்தல் நம் பள்ளிக் கணக்கின் சொல். தமிழ்நாட்டில் கழிவு என்றால் சாக்கடை நினைவுக்கு வரும் என்ற மறுப்பை நான் ஏற்கவில்லை. பிற்பகல், பிற்காலம் போல முன்னொட்டுச் சேர்ந்ததும் அந்த மயக்கம் நீங்கி, கழிவு பின்னால்தான் வரும் என்பதும் சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது. அமெரிக்காவின் கனெடிகட் மாநில விதிகளும், ரிபேட் போக மிஞ்சும் விலையை விளம்பரப்படுத்தும் கடை அந்த ரிபேட் தொகையைப் பொருளை வாங்கும்போதே கொடுத்துவிட வேண்டும் என்று இந்தக் காலவேறுபாட்டையே கருத்தில் கொண்டு சொல்கின்றன.

அன்று நான் வாங்கிய பெட்டியின்மேல் தமிழில் இருந்திருக்க வேண்டியது இது: ‘விலை 69.99 டாலர். அஞ்சலில் விண்ணப்பித்தால் பிற்கழிவு 30 டாலர்.’