காந்தப்புலம் மூளையைத் தொடும் இடம்

1896-ல் பிரெஞ்சு மருத்துவர் தார்சோன்வால் ஒரு பெரிய கம்பிச்சுருளில் 42 ஹெர்ட்ஸ், 30 ஆம்பியர் மாறுமின்னோட்டத்தைச் செலுத்தி, அதற்குள் தலையை விடச் சொன்னார். தலையை விட்டவர்களுக்கு ஒளி மினுங்கியது, தலையும் சுற்றியது. நரம்பை நேரடியாகத் துடிக்க வைக்கும் அளவுக்குக் கீழே, குறை அதிர்வெண் காந்தப்புலம் நரம்பு மண்டலத்தில் உண்டாக்கும் விளைவுகளில், மிக உறுதியாக நிறுவப்பட்டது இந்த மினுக்கம்தான். இதற்கு மேக்னட்டோபாஸ்பீன் என்று பெயர்.

மாறும் காந்தப்புலம் கடத்தும் பொருளுக்குள் மின்புலத்தைத் தூண்டும். உடலும் ஒரு கடத்திதான். நரம்புக்கு உறைப்பது இந்த மின்புலமே. சீரான புலத்தில் அதைத் தோராயமாகக் கணக்கிட, 3.14, அதிர்வெண், புலத்தின் அளவு, தலையின் ஆரம் நான்கையும் பெருக்கினால் போதும். ஆரத்தை 7 செ.மீ. என்று கொள்வோம்.

மினுக்கம் மிக எளிதாகத் தோன்றுவது 20 ஹெர்ட்ஸ் அருகே. அங்கேயே சுமார் 5 மில்லி டெஸ்லா (டெஸ்லா காந்தப்புலத்தின் அலகு) வேண்டும். கணக்குப் போட்டால் மீட்டருக்கு 22 மில்லிவோல்ட். உயர் அழுத்த மின்கம்பிக்கு நேர் கீழே 50 ஹெர்ட்ஸில் 10 மைக்ரோ டெஸ்லா இருப்பதாகக் கொண்டால், வருவது 0.11 மில்லிவோல்ட், இருநூறில் ஒரு பங்கு. பொதுமக்களுக்கு ஐசிஎன்ஐஆர்பி என்ற சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2010-ல் வகுத்த வரம்பு 50 ஹெர்ட்ஸில் 200 மைக்ரோ டெஸ்லா.

முதலில் விழித்திரைக்கு உறைப்பது ஏன்? மற்ற இடங்களின் நரம்பிழையைத் துடிக்க வைக்க மீட்டருக்குச் சில வோல்ட் தேவை. விழித்திரையின் ஒளியுணர் செல்களும் அடுத்த அடுக்குச் செல்களும் துடிப்பை நம்பி இருப்பதில்லை. மின்னழுத்தம் சிறிது ஏறி இறங்கினாலே அதைச் செய்தியாக அடுத்த செல்லுக்குக் கடத்திவிடும். அதனால்தான் இவ்வளவு சிறிய மின்புலமும் அங்கே ஒளியாகிறது. அதிர்வெண் கூடினால் அந்தச் செல்கள் ஈடுகொடுப்பதில்லை, மினுக்கம் தோன்றத் தேவையான வாசல் அளவு உயர்கிறது.

மூளையையே துடிக்க வைப்பதும் முடியும். 1985-ல் ஷெஃபீல்டில் பார்க்கர் குழு காட்டிய டிஎம்எஸ் (மண்டையோட்டின் வழியே காந்தத்தால் மூளையைத் தூண்டும்) முறையில், தலைமேல் வைத்த சுருள் 2 டெஸ்லா அளவுக்கான துடிப்பைச் சுமார் 100 மைக்ரோ நொடியில் எழுப்புகிறது. மூளையின் மேலடுக்கான புறணியில் மீட்டருக்கு நூறு வோல்ட் அளவு மின்புலம் எழ, விரல் தானாக அசைகிறது. மனச்சோர்வு சிகிச்சையிலும் இது பயன்படுகிறது. மேலே பார்த்த மின்கம்பியின் 0.11 மில்லிவோல்ட்டோடு ஒப்பிட்டால், சுமார் பத்து லட்சம் மடங்கு.

வீட்டு மின்காந்தப்புலத்தால் தூக்கமின்மை, தலைவலி, எரிச்சல் வருவதாகச் சொல்பவர்களின் துன்பம் நடிப்பல்ல. ஆனால், கருவி ஓடுகிறதா என்று அவர்களுக்கும் சோதிப்பவருக்கும் தெரியாதபடி நடத்திய சோதனைகளில், புலம் இருப்பதை அவர்களால் ஊகத்துக்கு மேல் கண்டுபிடிக்க முடியவில்லை. ஓடுவதாக நம்பினாலே அறிகுறிகள் வந்தன. குழந்தைப்பருவ ரத்தப்புற்றுநோய் வேறு கேள்வி. சராசரி 0.3–0.4 மைக்ரோ டெஸ்லாவுக்கு மேலான வீடுகளில் காணப்பட்ட பலவீனமான தொடர்பைக் கொண்டு, 2002-ல் ஐஏஆர்சி என்ற சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு குறை அதிர்வெண் காந்தப்புலத்தை 2பி பிரிவில், அதாவது ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற பட்டியலில் சேர்த்தது. காரணம் என்று அது நிறுவப்படவில்லை.

வீட்டில் அளக்கப் போகிறவர்கள் போன் செயலியை நம்ப வேண்டாம். அது காட்டும் 40 சொச்சம் மைக்ரோ டெஸ்லா பெரும்பாலும் பூமியின் நிலையான புலம். அந்த உணரியின் வேகம் 50 ஹெர்ட்ஸைச் சரியாகப் பிடிக்கப் போதாது. ஒற்றை அச்சு மீட்டரானால் மூன்று செங்குத்துத் திசைகளில் வைத்துப் பார்த்து, அளவுகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். டெஸ்டரில் விளக்கு எரிவது காந்தப்புலத்தைக் காட்டாது. மின்னழுத்தம் இருப்பதை மட்டுமே சொல்லும்.

ஹேர் டிரையரை ஒட்டி 3 செ.மீ.-யில் 2,000 மைக்ரோ டெஸ்லா வரை போகலாம், 30 செ.மீ. தள்ளினால் 7-க்குள் அடங்கிவிடும். சுவர் அருகே, எந்தச் சாதனமும் இல்லாமலே அளவு உயர்ந்து நின்றால் வயரிங்கைப் பார்க்க வேண்டும். ஃபேஸும் நியூட்ரலும் ஒட்டியே போனால் அவற்றின் புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நியூட்ரல் வேறு வழியில் திரும்பினால் அந்த அழிப்பு இல்லை: 10 ஆம்பியர் போகும் தனிக் கம்பி ஒரு மீட்டர் தள்ளி 2 மைக்ரோ டெஸ்லா தரும். அப்படி இருந்தால் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, இரண்டு சர்க்யூட்டின் நியூட்ரல்கள் எங்காவது ஒன்றாக முடிச்சுப் போடப்பட்டிருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். புலத்தைவிட அந்த வயரிங்தான் உடனடி ஆபத்து. நியூட்ரல் கம்பி மிகைச் சுமையில் சூடேறலாம், மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி அடிக்கடி டிரிப் ஆகலாம்.